சிகிச்சையாளர்தான் கொலையாளி என்று முடிக்கலாமா? ஒரு திகில் நாவலை முன்வைத்து

மூன்றாம்சாமம் எழுதியது:

என் திகில் நாவல் முடியும் தறுவாயில் இருக்கிறது. கைப்பிரதியைப் படித்த நண்பர்கள் இருவர் முடிவை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு என் வாதத்தை வைக்கிறேன்.

ஒரு புலனாய்வு அதிகாரி. கடத்தப்பட்ட குழந்தையை மீட்கப் போன இரவில் தவறான வீட்டின் கதவை உடைத்துவிடுகிறார். சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிருடன் இல்லை. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. துறை அவரை ஓர் உளவியல் சிகிச்சையாளரிடம் அனுப்புகிறது. அந்த அம்மையார் சான்று கொடுத்தால்தான் மீண்டும் பணி. முதலில் வாயே திறக்காத அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்குகிறார். சிறுவயதில், அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில், அம்மா சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டிவிடுவார். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்ற பேச்சே எழக்கூடாது என்பதற்காக. இதை அவர் தன் வாழ்நாளில் வேறு எவரிடமும் சொன்னதில்லை.

பிறகு ஒரு கொலை நடக்கிறது. பழைய சகா ஒருவர் ரகசியமாகப் படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார். பிணம் கிடக்கும் அறையில் கடிகாரம் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. அதன்பின் நடக்கும் ஒவ்வொரு கொலையிலும், சிகிச்சை அறையில் மட்டும் அவர் சொன்ன ஏதோ ஒன்று இருக்கிறது.

என் முடிவு: கொலைகளைச் செய்தவர் அந்தச் சிகிச்சையாளர். நண்பர்களோ, கொன்றது அவரா, அதிகாரியா, அல்லது எல்லாமே தூக்கமின்மையால் வந்த பிரமையா என்று தெளிவில்லாமல் விட்டுவிடச் சொல்கிறார்கள். முந்நூறு பக்கம் சந்தேகத்தை வளர்த்துவிட்டு, கடைசியில் பொறுப்பை வாசகர் தலையில் கட்டுவதை நான் கோழைத்தனம் என்றே கருதுகிறேன். சந்தேகிக்க வைத்தவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

வெள்ளெருக்கு எழுதியது:

உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறவள் நான். திகில் கதைகளை விரும்பிப் படிக்கிறவளும்கூட. இரண்டு முறையிலும் உங்கள் முடிவைக் கடுமையாக மறுக்கிறேன்.

முதல்முறை வருகிறவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேர்ந்தெடுப்பார்கள். கைப்பையை மடியிலிருந்து இறக்க மாட்டார்கள். தங்கள் வலியைச் சொல்வதற்கு முன்பே, "நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள், யாரெல்லாம் படிப்பார்கள்?" என்று கேட்பார்கள். சீருடைப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். மனம் திறந்தால் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள், பதவி உயர்வு போய்விடும், சக ஊழியர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவருக்கு உங்கள் நாவல் சொல்லும் சேதி என்ன? நீ நம்பிச் சொன்ன ரகசியத்தை வைத்தே ஆட்களைக் கொல்வார்கள் என்பதுதானே?

இன்னொன்று. அந்த அம்மையார் ஏன் கொல்கிறார்? உங்கள் சுருக்கத்தில் காரணமே இல்லை. அவர் புத்திசாலி, அமைதியானவர், மனித மனத்தை அறிந்தவர் என்பதே கொலைக்குப் போதுமான காரணம் என்று திகில் கதைகள் நெடுங்காலமாக எழுதிவருகின்றன. அமைதியாகக் கேட்பது ஒரு தொழில்திறமை. அதையே கொடூரத்தின் அடையாளமாக்கிவிட்டீர்கள்.

பனிக்கடல் எழுதியது:

நான் மூன்றாம்சாமத்தின் பக்கம். திகில் கதைக்குச் சமூகப் பொறுப்பைச் சுமத்தத் தொடங்கினால் மருத்துவர், பாதிரியார், தாய், குழந்தை என்று யாரையும் தொட முடியாது. நாம் நம்பியே ஆகவேண்டிய ஒருவர் நம்மை அழிக்கிறார் என்பதில்தான் அச்சமே பிறக்கிறது. நம்பத் தேவையில்லாதவரைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்?

தூக்கத்தில் நடப்பவனை ஏவிக் கொலை செய்விக்கும் மருத்துவரை ஜெர்மானிய மௌனப்படமான 'டாக்டர் கலிகாரியின் அறை' 1920-லேயே காட்டிவிட்டது. அன்று தொட்டு இந்த உருவம் சாகவில்லை. ஆலோசகர்களைப் பார்வையாளர்கள் வெறுப்பதால் அது நீடிக்கவில்லை. நம் மனத்துக்குள் இன்னொருவர் கை வைக்க முடியும் என்ற பயம் எல்லோருக்கும் பொதுவானது.

காகிதத்தேர் எழுதியது:

பனிக்கடல், அந்தப் படம் எப்படி முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதையைச் சொன்னவனே மனநல விடுதியில் இருக்கும் நோயாளி, அவன் கொடியவனாகக் காட்டிய மருத்துவர் அந்த விடுதியின் தலைவர் என்று முடிகிறது. மூன்றாம்சாமம் கோழைத்தனம் என்று சொல்லும் முடிவு அதேதான்.

தனிவழி எழுதியது:

குற்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில், யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

கொலை வழக்குகளில் புலனாய்வாளர்கள் ஒரு விவரத்தைப் பத்திரிகைகளுக்குத் தராமல் நிறுத்திவைப்பார்கள். பிணத்தின் கையில் இருந்த பொருளாக இருக்கலாம், கட்டப்பட்ட முடிச்சின் வகையாக இருக்கலாம். கொன்றவனுக்கும் விசாரிப்பவர்களுக்கும் மட்டுமே அது தெரிந்திருக்க வேண்டும். பெரிய வழக்குகளில் செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிரித்தெடுக்க இந்த ஒரு விவரம்தான் உதவும். அதைத் தானாகச் சொல்கிறவன் அங்கே இருந்தவன்.

திருப்பி மாட்டிய கடிகாரம் அந்த ஆயுதத்தின் மறுபக்கம். வாழ்நாள் முழுக்க இப்படி ஒன்றை மறைத்துவைத்து மற்றவர்களைப் பொறியில் சிக்க வைத்தவர், இப்போது தன்னிடம் மட்டும் இருந்த விவரத்தைப் பிணத்தின் அருகில் பார்க்கிறார். அவர் கற்ற தொழில் அவரிடம் சொல்வது ஒன்றுதான்: இதை அறிந்தவன் கொலையாளி. அறிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் அந்த அம்மையாரும். கதையின் உண்மையான திகில் இங்கே இருக்கிறது. மூன்றாம்சாமம் இதை இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அறிந்தவர்கள் இரண்டே பேர்தானா? சிகிச்சைக் குறிப்புகளைத் தட்டச்சு செய்தவர் யார்? துறைக்கு என்ன அறிக்கை போனது? நல்ல புலனாய்வாளர் முதலில் இதைத்தான் கேட்பார். உங்கள் அதிகாரி கேட்டாரா?

காகிதத்தேர் எழுதியது:

தனிவழி தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். மறைத்துவைத்த விவரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் ஓர் உண்மை வழக்கு இருக்கிறது. எந்தத் திகில் நாவலும் அதன் அருகில் வர முடியாது என்பது என் கருத்து. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்தூரே பெரிவால் என்பவர் 1991-இல் ஒரு கொள்ளை வழக்குக்குப் பிறகு சேட்டர் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கே அவருக்கு உளவியல் சிகிச்சை தொடங்கியது. குழந்தைப் பருவத்தில் நடந்த கொடுமைகள் நினைவின் அடியில் புதைந்துவிட்டன, பேசப் பேச அவை மேலே வரும் என்பது சிகிச்சை செய்தவர்களின் நம்பிக்கை. பேசப் பேச, அவர் கொலைகளை 'நினைவுகூர'த் தொடங்கினார். தாமஸ் குவிக் என்று பெயர் மாற்றிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒப்புக்கொண்டார். 1994 முதல் 2001 வரை நீதிமன்றங்கள் எட்டுக் கொலைகளில் அவரைக் குற்றவாளி என்று தீர்த்தன.

அவருடைய டி.என்.ஏ. ஒரு வழக்கிலும் கிடைக்கவில்லை, கொலையை நேரில் கண்ட சாட்சியும் இல்லை. குழந்தையின் எலும்புத் துண்டு என்று நீதிமன்றத்தில் காட்டப்பட்ட ஒன்று, பிற்பாடு சோதித்தபோது எலும்பே அல்ல என்று தெரிந்தது. 2008-இல் ஹன்னஸ் ரோஸ்தம் என்ற பத்திரிகையாளரிடம் பெரிவால் எல்லாம் பொய் என்று சொன்னார். மனத்தை மரக்கச் செய்யும் மாத்திரைகள் தாராளமாகக் கிடைத்ததையும், ஒவ்வொரு புதிய ஒப்புதலுக்கும் தன்மேல் கவனம் கூடியதையும் சொன்னார். விடுப்பில் வெளியே போனபோது நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படித்திருக்கிறார். விசாரித்தவர்களின் கேள்விகளிலிருந்தே மீதியை ஊகித்திருக்கிறார். எட்டுத் தீர்ப்புகளும் ஒவ்வொன்றாக ரத்தாகி, 2013-இல் கடைசி வழக்கும் விழுந்தது. 2014-இல் வெளியே வந்தார்.

இந்த வழக்கில் கொலைகார மருத்துவர் யாரும் இல்லை. சிகிச்சை செய்தவர்கள் நோயாளிக்கு நல்லது செய்வதாக நம்பினார்கள். காவலர்கள், இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பதில் கிடைத்ததாக நம்பினார்கள். அந்த எட்டுப் பேரையும் உண்மையில் கொன்றவர்களைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே மூன்றாம்சாமம், உங்கள் சிகிச்சையாளர் கத்தி எடுக்கவே வேண்டாம். அவர் தன் கோட்பாட்டை மனதார நம்பினாலே போதும்.

மூன்றாம்சாமம் எழுதியது:

காகிதத்தேர், நீங்கள் சொன்ன வழக்கு நெஞ்சை உலுக்குகிறது. ஆனால் அது திகில் நாவலாகாது. ஒரு அமைப்பு முழுவதும் சேர்ந்து தவறு செய்தது என்று எழுதினால் வாசகர் கோபப்படுவார், வருத்தப்படுவார். இரவில் விளக்கை அணைக்கத் தயங்க மாட்டார். திகிலுக்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் எதை நோக்கி எழுதுகிறேன் என்று புரிவதற்காகப் பதினோராம் அத்தியாயத்திலிருந்து ஒரு பகுதி:

"அவர் பேசி முடித்ததும் அந்த அம்மையார் பேனாவை மூடினார். எழுதவில்லை. இவ்வளவு நேரம் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மடியில் இருந்த தாள் வெறுமையாக இருந்தது. 'நீங்கள் சொல்வதை நான் மறப்பதில்லை,' என்றார் அவர். படியிறங்கும்போது அதிகாரி தனக்குள் சொல்லிக்கொண்டார்: ஆலோசனைக்குப் போகிறவன் தன் கழுத்தைத் தானே நீட்டுகிறான்."

இந்த அறையில் கோட்பாடு, அமைப்பு என்று எதுவும் இல்லை. இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வை நான் கடைசிவரை கொண்டுபோக விரும்புகிறேன்.

வெள்ளெருக்கு எழுதியது:

வெற்றுத்தாள் நல்ல காட்சி. அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பது தவறு. மூன்றாவதாகத் துறை அங்கே உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கதையின் பெரிய ஓட்டை அதுதான்.

பணிக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடுவது வேறு வேலை, சிகிச்சை தருவது வேறு வேலை. மதிப்பீட்டில் எதிரே இருப்பவர் துறைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். சிகிச்சையில் வந்தவருக்கு மட்டுமே கடமைப்பட்டவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் நம்பிக்கை கெடும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். உங்கள் அம்மையார் இரண்டையும் செய்கிறார். கொலை செய்யாமலேயே அவரைச் சந்தேகிக்க இதைவிட நியாயமான காரணம் வேறு வேண்டுமா?

காவலர்களுக்கு இந்த ரகசியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1991-இல் ஒரு பெண் காவல் அதிகாரி பணியின்போது ஒருவரைச் சுட்டுக்கொல்ல நேர்ந்தது. அதன்பின் ஐம்பது முறை அளவுக்கு ஆலோசனைக்குப் போனார். இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடர்ந்து, அந்த ஆலோசனைக் குறிப்புகளைக் கேட்டது. நீதிபதி கொடுக்கச் சொல்லியும் ஆலோசகர் கொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் 'ஜாஃபி எதிர் ரெட்மண்ட்' தீர்ப்பில் ஏழு நீதிபதிகள் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் நின்று, அந்தப் பேச்சு ரகசியமாகவே இருக்க உரிமை உண்டு என்றார்கள். சட்டப் பாதுகாப்பே அந்நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் உறுதியானது ஒரு காவலர் மனம் திறந்த வழக்கில்தான். இப்படி உறுதியாக நிற்கும் ஆலோசகரை ஏன் ஒருவரும் கதையாக எழுத மாட்டேன் என்கிறீர்கள்?

சந்தேகம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1969-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொன்னார். சிகிச்சையாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது.

இதை உங்கள் கதையில் பொருத்திப் பாருங்கள். அதிகாரி தன் கனவுகளைச் சொல்கிறார். கனவில் கொலை. அடுத்து உண்மையில் கொலை. அந்த அம்மையார் அவரைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். அதனால்தான் அவர் போனதும் கதவைப் பூட்டுகிறார். அதனால்தான் யாருக்கோ தொலைபேசியில் தாழ்ந்த குரலில் பேசுகிறார், எழுத வேண்டியதை எழுதாமல் விடுகிறார். அதிகாரியின் கண்ணுக்கு இவை எல்லாம் குற்றவாளியின் நடத்தை. அந்த அம்மையாரின் பக்கத்திலிருந்து பார்த்தால், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாரந்தோறும் ஒரு கொலையாளியின் எதிரில் உட்காரும் பெண். இந்தப் பயம் உங்களுக்குப் போதாதா?

பனிக்கடல் எழுதியது:

மன்னிக்கவும், இது மெல்ல மெல்ல நீதிமன்றக் கதையாகிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு எண்ணையும் தொழில் நெறியையும் வைத்துப் பயமுறுத்த முடியாது.

இந்த மனிதர் தூங்காதவர். அதை ஏன் யாரும் பேசவில்லை? கனவு காணும் உறக்க நிலையில் நம் தசைகள் செயலற்று இருக்கும், கனவுக்கு ஏற்ப உடல் எழுந்து ஓடாமல் இருப்பதற்காக. சில நேரம் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன்பே மனம் விழித்துக்கொள்ளும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், விரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சின்மேல் பாரம் இறங்கும். அறையின் மூலையில் யாரோ நிற்பதாகத் தோன்றும். உறக்கம் கெட்டவர்களுக்கு இது அதிகம் வரும். ஃபியூசெலி 1781-இல் வரைந்த 'கொடுங்கனவு' ஓவியத்தில் படுத்திருக்கும் பெண்ணின் மார்பின்மேல் குந்தியிருக்கும் உருவத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உங்கள் அதிகாரி அப்படிக் கிடக்கும் ஒரு விடியற்காலையில், மூலையில் நிற்கும் உருவம் அவருடைய கடிகாரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டட்டும். அந்த உருவத்துக்கு அந்த அம்மையாரின் குரல் இருக்கட்டும். "நான் மறப்பதில்லை" என்று அது சொல்லட்டும். அவர் கையும் காலும் ஓடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்ததும் கடிகாரம் உண்மையில் திரும்பியிருக்கிறது. இதற்குமேல் எனக்கு எந்த விளக்கமும் வேண்டாம்.

தனிவழி எழுதியது:

காட்சி அருமை. விளக்கம் வேண்டாம் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். துப்பறியும் கதையில் ஒரு புலனாய்வாளரை வைத்துவிட்டு, அவர் எதையும் கண்டுபிடிக்காமல் பயந்து முடிவது, அவருடைய தொழிலுக்கே அவமரியாதை.

காகிதத்தேர் எழுதியது:

பனிக்கடலின் காட்சியும் தனிவழியின் கேள்வியும் சந்திக்கும் ஓரிடம் இருக்கிறது. அதைத்தான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1974-இல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். பிறகு ஒரு குழுவிடம் கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் 'இடித்துக்கொண்டபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து எல்லோரிடமும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முதல் குழுவின் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், இரண்டாம் குழுவின் 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் இருந்த ஒரு சொல், நினைவுக்குள் கண்ணாடியைச் சிதறவிட்டிருக்கிறது.

இப்போது மூன்றாம்சாமத்திடம் ஒன்று கேட்கிறேன். கடிகாரத்தைப் பற்றி முதலில் பேசியது யார்?

அதிகாரி தானாகச் சொன்னாரா? அல்லது, "அப்பா வரும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பீர்களா? அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது?" என்று அந்த அம்மையார் கேட்டாரா? கேட்டிருந்தால், அந்த நினைவு அவருடையது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவர் யாரிடமும் சொல்லாமல் காத்துவந்த ரகசியம், சிகிச்சை அறையிலேயே பிறந்ததாக இருக்கலாம். அம்மா இறந்துவிட்டார், கேட்டு உறுதிசெய்யவும் வழியில்லை. உயிர்கள் மட்டுமா போயின? தன் அம்மாவைப் பற்றி இருக்கும் ஒரே அன்பான நினைவும் தன்னுடையதுதானா என்று தெரியாமல் மிச்ச வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் வாழவேண்டும்.

தனிவழி எழுதியது:

இதுதான். புலனாய்வாளர் இதைத் தன் தொழிலைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும். வாக்குமூலத்தைச் சோதிக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொன்னார் என்பதோடு, அந்த விவரம் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் பார்ப்பார்கள். முழு விசாரணையையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யவேண்டும் என்று வலியுறுத்துவதும் இதற்காகத்தான். கடைசியில் எழுதி வாங்கிய நான்கு பக்கத்தில் எல்லாம் அவரே சொன்னதுபோல இருக்கும். அதற்கு முந்தைய பல மணி நேரத்தில் யார் எதை ஊட்டினார்கள் என்பது பதிவில் மட்டும்தான் தெரியும்.

அந்த அம்மையார் எழுதுவதில்லை, ஆனால் ஒலிப்பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி அந்தப் பதிவைக் கைப்பற்றுகிறார். நூறு வாக்குமூலங்களில் மற்றவர்களுக்குச் செய்ததைத் தன் குரலுக்கே செய்கிறார். முன்னும் பின்னும் ஓட்டி, 'கடிகாரம்' என்ற சொல் முதலில் வரும் இடத்தைத் தேடுகிறார். அது அவருடைய குரல் அல்ல.

பனிக்கடல் எழுதியது:

ஒப்புக்கொள்ள மனமில்லாமல் இருந்தேன், ஆனால் தன் நினைவுக்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய பேய் எனக்குத் தெரிந்து இல்லை. மூலையில் நிற்கும் உருவத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளெருக்கு எழுதியது:

எல்லோரும் உற்சாகத்தில் ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். சிகிச்சையாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதாலேயே அவர் கொலையாளி ஆகிவிட மாட்டார். வழிநடத்தும் கேள்வி கேட்பது தொழில் தவறு, அதுவும் கடுமையான தவறு. பெரிவால் வழக்கில் அந்தத் தவறு எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்று காகிதத்தேர் சொன்னார். ஆனால் அங்கே யாரும் கத்தி எடுக்கவில்லை என்றும் அவரேதான் சொன்னார்.

தனிவழி ஆரம்பத்திலேயே கேட்ட கேள்வியை மறந்துவிட்டோம். அறிந்தவர்கள் இரண்டே பேர்தானா? அந்த அம்மையார் துறைக்கு அறிக்கை அனுப்புகிறார். தகுதி உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதவேண்டிய இடத்தில், கடிகாரம் உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறிக்கையைப் படிக்கும் நிலையில் இருப்பவர் யார்? ரகசியமாகப் படங்களைக் கொண்டுவந்து காட்டினாரே, அந்தப் பழைய சகா. படங்களைக் காட்ட அவருக்கு என்ன அவசியம்? அதிகாரியின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வந்தவர் அவர்.

அந்த அம்மையாரின் குற்றம் அப்போதும் குறையாது. வந்தவரை விட்டுவிட்டுத் துறைக்கு விசுவாசமாக இருந்தார். அதனால் உயிர்கள் போயின. என் தொழிலில் இருப்பவர்கள் படித்து வெட்கப்பட வேண்டிய குற்றம் அது. அதை எழுதுங்கள், நானே பத்துப் பேரிடம் படிக்கக் கொடுப்பேன்.

தனிவழி எழுதியது:

என் வாக்கு வெள்ளெருக்குக்கு. சகா முதல் அத்தியாயங்களிலேயே வருகிறார், கண்ணெதிரே நிற்கிறார், வாசகர் அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். துப்பு முழுவதையும் நேர்மையாகக் கொடுத்துவிட்டு ஏமாற்றுவது இதுதான்.

மூன்றாம்சாமம் எழுதியது:

சகாவைக் கொலையாளியாக்கினால் கடைசி இருபது பக்கங்கள் ஆச்சரியமாக இருக்கும். அதற்கு முந்தைய முந்நூறு பக்கங்கள் வீணாகும். வாசகர் அந்த அறைக்குள் அந்த அம்மையாரோடுதான் வாழ்ந்தார். பயத்தை ஒருவர்மேல் வளர்த்துவிட்டுப் பதிலை இன்னொருவர்மேல் இறக்குவதும், தெளிவில்லாமல் விடுவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகின்றன.

ஆனால் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்கிறேன். கடிகாரம் என்ற சொல் முதலில் அந்த அம்மையாரின் வாயில்தான் வரப்போகிறது. கொலைக்கான காரணமும் அங்கிருந்தே கிடைத்துவிட்டது: புதைந்த நினைவுகளை மீட்க முடியும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர் அவர். இந்த அதிகாரியின் மனத்தில் தானே நட்ட ஒன்றை, உலகத்திலும் நட்டுக் காட்டுகிறார். தன் கோட்பாட்டைப் பொய்யாக்க யாராலும் முடியாதபடி செய்யவேண்டும் என்ற வெறி அவருக்கு. வெள்ளெருக்கு முதல் பதிவில் கேட்ட காரணம் இதுதான், அதைக் கேட்டதற்கு நன்றி.

வெள்ளெருக்கு எழுதியது:

காரணம் இப்போது வலுவாக இருக்கிறது. முடிவை நான் இன்னும் ஏற்கவில்லை, ஏற்கப்போவதும் இல்லை. உங்கள் அம்மையார் ஒரு கோட்பாட்டுக்கு அடிமையான தனிமனிதராக வருவதற்கும், ஆலோசகர் என்றாலே ஆபத்து என்று கதை சொல்வதற்கும் நடுவே இருக்கும் கோட்டை மட்டும் காப்பாற்றுங்கள். பதினோராம் அத்தியாயத்தில் அதிகாரி படியிறங்கும்போது சொல்லும் அந்த வரி, "ஆலோசனைக்குப் போகிறவன் தன் கழுத்தைத் தானே நீட்டுகிறான்" என்பது, அந்த அம்மையாரைப் பற்றிய வரி அல்ல. நாளை காலை முதல்முறையாக ஓர் ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் சொல்லப்படும் வரி. அதை நீக்க முடியுமா?

மூன்றாம்சாமம் எழுதியது:

முடியும். வெற்றுத்தாளோடும் "நான் மறப்பதில்லை" என்ற பேச்சோடும் அந்த அத்தியாயத்தை நிறுத்திவிடுகிறேன், அதற்குமேல் அவர் எதுவும் சொல்லத் தேவையில்லை. கொலையாளியை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.